சாவிச் சத்தம் ஓய்ந்த விடுதியிலிருந்து எங்கள் காப்பாளருக்கு

சிறுமியர் விடுதியின் இரும்புக் கட்டில்கள் அத்தனையையும் இருபத்தேழு ஆண்டுகள் இமைபோல் காத்து, இன்று மாலையோடு இளைப்பாறச் செல்லும் எங்கள் விடுதிக் காப்பாளர் அம்மையார் அவர்களுக்கு, ஆசிரியர்களும் அலுவலர்களும், சமையற்கூடத் தோழர்களும், சலவைக்கூடச் சகோதரிகளும், வாயிற்காவலர்களும் ஒன்றுகூடி, உள்ளன்போடும் கொஞ்சம் உதறலோடும் படித்தளிக்கும் பாராட்டு மடல்.

போர்வை மடித்திருக்கும் விதத்தைப் பார்த்தே பிள்ளையின் மனத்தைப் படிக்கும் பேரறிவே! பெட்டிக்குள் பதுக்கிய தின்பண்டத்தைப் பூட்டைத் திறக்காமலே கண்டுபிடிக்கும் புலனாய்வே! துணை தொலைத்த ஒற்றைக் காலுறைகளின் ஒரே புகலிடமே! பேன்சீப்பைக் கையிலேந்திப் பெரும்போர் நடத்திய தானைத் தலைவியே! பிள்ளைகள் வாயில் ‘சாவி மிஸ்’ என்று பெயர் பெற்ற பெருந்தகையே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பணி, வழக்கம்போலத் தமிழாசிரியனாகிய என் தலையில் வந்து விழுந்தது. மடலுக்குச் சட்டம் போடும் தச்சர் முந்திக்கொண்டு அளவெடுத்துப் போய்விட்டார். “சார், ஒரு பக்கத்துக்கு மேல போச்சுன்னா கண்ணாடி மூடாது, பாத்து எழுதுங்க” என்று எச்சரித்தார். முதல்வர் அவர்கள், “சீக்கிரம் முடிச்சுடுங்க, மின்சாரம் போயிடும்” என்றார். இவர்கள் இருவருக்கும் மேலாக, விழா நாயகியாகிய தாங்களே மூன்று கட்டளைகள் இட்டிருக்கிறீர்கள்: “என்னைக் கடல், மலை, வானம்னு எதோடயும் ஒப்பிடாதீங்க. நீட்டி முழக்காதீங்க. முக்கியமா, யாரும் அழக்கூடாது.” முதல் கட்டளையை அப்படியே நிறைவேற்றிவிட்டேன். கடலும் மலையும் வானமும் இம்மடலில் இல்லை. மற்ற இரண்டும் என் கையில் இல்லை, அம்மையீர். தச்சரும் மன்னிக்க வேண்டும்.

‘தாங்கள்’ என்று எழுதினால் தாங்கள் வேறு யாரையோ சொல்வதாக நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆகவே இனி ‘நீங்கள்’ என்றே அழைக்கிறோம்.

கடந்த ஒரு மாதமாக நீங்கள் எங்களிடம் சொல்லிவருவது ஒன்றுதான்: “எனக்கென்ன, இனிமே நிம்மதியா தூங்கப் போறேன். தம்பி வீட்டு மாடியில ரூம் இருக்கு. நல்லா இருப்பேன்.” நாங்கள் உங்களிடம் சொல்லிவருவதும் ஒன்றுதான்: “நீங்க கவலையே படாதீங்க, புதுசா வர்றவங்க கெட்டிக்காரங்க. நாங்க பாத்துக்கறோம்.” கேட்க எவ்வளவு இதமான வாக்கியங்கள். இந்த இரண்டையும் நம்பிக்கொண்டு நீங்கள் எங்கள் வாசலைத் தாண்டிவிடக்கூடாது என்பதற்காகவே இந்த மடல் எழுதப்படுகிறது. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், உங்கள் பணியைப் பற்றிப் பேசிக்கொள்ள அனுமதியுங்கள்.

பள்ளி திறக்கும் முதல் நாளில் விடுதி வாசலில் நடப்பதை நாங்கள் வகுப்பறைச் சன்னல் வழியே பார்த்ததோடு சரி. நடுவில் நின்றது நீங்கள். காரைவிட்டு இறங்காமல், முன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அப்பாக்கள். கட்டில் விரிப்பைத் திரும்பத் திரும்ப உதறிப் போட்டு, “இன்னும் சுருக்கம் இருக்கு பாருங்க” என்று நேரத்தை இழுக்கும் அம்மாக்கள். “என் தங்கச்சி பல்லு தேய்க்கிற மாதிரி நடிப்பா, நம்பிடாதீங்க” என்று காதோடு காதாகக் காட்டிக்கொடுக்கும் அண்ணன்மார்கள். அத்தனை பேரையும் வழியனுப்பும் முன், உங்கள் சின்ன அறையில் உட்காரவைத்து, கையில் சூடாக ஒரு தேநீரைத் திணித்துவிடுவீர்கள். “அழுதுக்கிட்டே வண்டி ஓட்டினா ரோடு தெரியாது. குடிச்சுட்டு மெதுவா போங்க.” பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் பல உண்டு, அம்மையீர். பெற்றோரையும் சேர்த்துக்கொண்ட விடுதி உங்களுடையது.

பிள்ளைகளின் பாடு தனி. வீட்டில் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கியவள், இங்கே பக்கத்துக் கட்டில் கிறீச்சிடும் சத்தத்தில் விழித்துக் கிடப்பாள். தலை வாரத் தெரியாது, துணி மடிக்கத் தெரியாது, தன் தட்டைத் தானே கழுவியதும் கிடையாது. ஆனாலும் ஒரு பருவம் முடிவதற்குள் சோப்பைக் கடன் கொடுத்து ரிப்பனைக் கடன் வாங்கும் வியாபாரத்தில் எங்களையெல்லாம் விழுங்கிவிடுவார்கள். அவர்கள் கண்டுபிடித்ததுதான் ‘சடை ரயில்’. காலையில் விடுதிப் படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருப்பவளுக்குச் சடை பின்னுவாள். ஓர் ஊரே திரண்டு தலைவாரிக்கொள்வதுபோல் இருக்கும். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஆள் இல்லையே, அவளுக்கு யார் பின்னுவது என்றால், அங்கே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். சண்டை முதலிடத்துக்கு அல்ல, கடைசி இடத்துக்குத்தான் நடக்கும். இப்படியொரு போட்டியை எங்கள் விளையாட்டு ஆசிரியர் எங்குமே கண்டதில்லை என்கிறார்.

சாவிச் செல்வியே! உங்கள் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தின் ஓசை விடுதிக்கே கடிகாரமாக இருந்தது. தொடக்க காலத்தில் நீங்கள் நடக்கும்போது அது தேவைக்கு மேலேயே குலுங்கும். வேண்டுமென்றேதான் குலுக்குகிறீர்கள் என்று ஒருநாள் எங்களிடம் சொன்னீர்கள். “போர்வைக்குள்ள அழுதுட்டிருக்கிற பிள்ளைங்க, நான் வர்றதுக்குள்ள முகத்தைத் துடைச்சுக்கட்டும்னுதான். பாவம், மானம் போயிடக்கூடாது இல்ல?” என்றீர்கள். நாங்கள் நெகிழ்ந்துபோனோம். எவ்வளவு நுட்பமான கருணை என்று ஆசிரியர் அறையில் அன்று முழுக்க அதே பேச்சு. அது பாதிக் கருணைதான் என்பது உங்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. தெரியவைத்தவள் தையல்காரம்மாவின் மகள்.

அந்தத் தையல்காரம்மா இன்று இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் மகள். இப்போது தாயைவிட ஒரு தலை உயரம் கூட. அவர்களின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறோம்.

அவர்களுக்கு வீடும் தையல் கடையும் ஒரே அறை. அப்பா லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் சாலையில். துணிக்குவியலுக்கும் தையல் இயந்திரத்தின் கடகடப்புக்கும் நடுவே பிள்ளைக்குப் படிக்க இடமில்லை என்றுதான் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தார் அந்தத் தாய். சேர்த்த அன்றே விடுதியில் ஒரு திருட்டு நடந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை மகள் நைசாக உருவி ஒளித்துக்கொண்டாள். கடையில் அதைத் தேடித் தேடிச் சலித்த அம்மா, பிறகு புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார். தலையணைக்கடியில் சுருண்டு கிடந்த பழையதை, விரிப்பு மாற்றும்போது நீங்கள் பார்த்தீர்கள். பார்த்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தீர்கள். யாரிடமும் சொல்லவில்லை.

தொலைபேசியில் அந்த அம்மா விசாரிக்கும்போதெல்லாம் நீங்கள் சொன்னது: “அழவே இல்லைங்க. வீட்டு ஞாபகமே இல்லை அவளுக்கு. ஒரே ஆட்டம்தான்.” மகள் கேட்கும்போதெல்லாம் சொன்னது: “அம்மா ஜாலியா இருக்காங்கடா. வேலை வேலைன்னு ஓடிக்கிட்டிருக்காங்க. நீ கவலைப்படாதே.” அங்கே தாய் தேம்பிக்கொண்டிருந்தார், இங்கே மகள் விம்மிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் நெஞ்சு ஆறட்டும் என்றுதான் சொன்னீர்கள். உங்கள் இடத்தில் நாங்கள் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். சொல்லியும் இருக்கிறோம், எத்தனையோ பெற்றோரிடம்.

நெஞ்சு ஆறியது. ஆறி அவலாகிப்போனது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் பேச்சு சுருங்கத் தொடங்கியது. “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்.” “படிக்கிறியா?” “படிக்கிறேன்.” “வச்சுடட்டா?” “சரி.” பிறகு அதுவும் நின்றது. “நான் விளையாடப் போறேன் மிஸ், அம்மாகிட்ட சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு, துணி காயும் கொடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். பெற்றோர் வந்து பார்க்கும் நாள் வந்தது, தாய் வரவில்லை. “ரெண்டு பேரும் பழகிட்டாங்க” என்று நீங்கள் ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னீர்கள். நாங்களும் கைதட்டாத குறையாகப் பாராட்டினோம். பருவ விடுமுறை நெருங்கியபோதுதான் அந்தப் பெண் உங்கள் அறைக்கு வந்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டாள்: “லீவுக்கு நான் இங்கயே இருந்துக்கட்டுமா மிஸ்?”

அப்போதும் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குச் சொல்லி அனுப்பினீர்கள். கடைசி நாளன்று, மற்றப் பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாக அம்மாக்கள் மேல் போய் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், தையல்காரம்மா ஒரு துணிப்பையோடு நடைவழியில் வந்து நின்றார். “லீவுக்கு இங்கயே இருக்காளாமே. புது டிரெஸ்ஸை மட்டும் கொடுத்துட்டுப் போயிடறேன்” என்றார். விடைத்தாள் கட்டைச் சுமந்துகொண்டு அப்போது அங்கே நின்றவன் நான். ஆகவே இனி எழுதுவது நேரில் கண்டது.

மகளை அழைத்தீர்கள். வந்தாள். பள்ளியைப் பார்க்க வரும் விருந்தாளிகளுக்குச் சொல்வதுபோல், கையைக் கூப்பி, “வணக்கம்மா” என்றாள். புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். கை, மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. கீழ்விளிம்பு முழங்காலைத் தொடவில்லை. ஊருக்கெல்லாம் அளவு தவறாமல் தைப்பவர், சொந்த மகளுக்குப் பழைய அளவிலேயே தைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“வளர்ந்துட்டாளே” என்றீர்கள்.

“வளர்ந்துட்டா. எனக்கு யாரும் சொல்லல” என்றார் அவர்.

அதற்குமேல் அந்தப் பெண்ணால் அடக்க முடியவில்லை. “உனக்குத்தான் என் ஞாபகமே இல்லியே. நீ ஜாலியா இருக்கேன்னு மிஸ் சொன்னாங்க” என்றாள். “நீதானேடி வீட்டையே மறந்துட்டே. மிஸ்தான் சொன்னாங்க. மறந்து நிம்மதியா இருக்கிறவளை நான் வந்து எதுக்குக் கலைக்கணும்னுதான் வராம இருந்தேன்” என்றார் தாய். இருவரும் ஒரே நேரத்தில் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மையீர், அந்த நேரத்தில் சமாளிக்க உங்களுக்கு நூறு வழி இருந்தது. இந்த இடத்தில் நாங்கள் எத்தனையோ பேர் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்போம். நீங்கள் நேராகப் படுக்கைக் கூடத்துக்குள் போனீர்கள். தலையணைக்கடியில் கைவிட்டு அந்தப் பழைய இஞ்சு டேப்பை எடுத்துவந்தீர்கள். “உங்க பொண்ணு திருடிட்டா, முதல் நாளே. இதைக் கையில சுத்திக்கிட்டுத்தான் தூங்கறா. நான் உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய்.” பிறகு மகள் பக்கம் திரும்பினீர்கள். “உங்கம்மா உன் பேரைச் சொல்லும்போதே போன்ல அழுதுடுவாங்க. உன்கிட்ட சொன்னதும் பொய்தான்.” டேப்பைத் தாயின் கையில் கொடுத்து, “அளந்து பாருங்க” என்றீர்கள்.

அளந்தார். தோள் அளந்தார், கை அளந்தார். மார்பளவு எடுக்கக் கையை முதுகுப் பக்கம் சுற்றிக் கொண்டுபோனவர், திரும்ப எடுக்கவே இல்லை. டேப் எங்கேயோ நழுவி விழுந்தது. அன்று எடுத்த அளவு ஒன்றும் யாருக்கும் நினைவில் இல்லாமல், மறுநாள் வீட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்ததாம். ஆம், மறுநாள் அவள் வீட்டில் இருந்தாள்.

வாய்மையின் வடிவே! அன்றைக்குப் பிறகுதான் எங்கள் விடுதிக்கே ஒரு புது வழக்கம் பிறந்தது. எந்தப் பெற்றோர் கேட்டாலும் நீங்கள் சொல்லும் பதில் மூன்று வாக்கியம்: “இன்னைக்கு அழுதா. இப்ப அழல. நாளைக்குத் தெரியல.” பிள்ளைகளுக்கும் அதே கணக்குத்தான்: “அம்மா போன்ல அழுதாங்க. அப்புறம் சிரிச்சாங்க. ஞாயித்துக்கிழமை நீயே கேட்டுக்கோ.” முதலில் பெற்றோர் சிலர் கொதித்துப்போய் முதல்வரிடம் முறையிட்டார்கள். முதல்வர் உங்களை அழைத்து, “எதுக்கும்மா வம்பு, நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்” என்றார். “காய்ச்சல் வந்தா காய்ச்சல்னு சொல்றோம்ல சார்? அழுதாலும் சொல்லித்தான் ஆகணும். பெத்தவங்களுக்கு இல்லாத உரிமையா?” என்றீர்கள். முதல்வர் இன்று இதே மேடையில் புன்னகைத்துக்கொண்டிருக்கிறார், அன்று புன்னகைக்கவில்லை. முறையிட்டவர்களே பிறகு தங்கள் இளைய மகள்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். “இங்க உள்ளதை உள்ளபடி சொல்றாங்க” என்று சொல்லிச் சேர்த்தார்கள்.

சாவிக்கொத்தும் மாறியது. குலுக்கிக்கொண்டு நடந்த நீங்கள், இரவுகளில் அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓசையில்லாமல் வரத் தொடங்கினீர்கள். அழுகிற பிள்ளையின் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்வீர்கள். முகம் துடைக்க அவகாசம் கொடுப்பதில்லை, துடைத்துவிடுவதற்கு நீங்களே இருந்தீர்கள். விடுதியின் வெற்றி என்று நாங்கள் கொண்டாடும் எல்லாமே அந்தக் கட்டில் ஓரத்தில் தொடங்கியவை என்பதை இங்கே பணிந்து ஒப்புக்கொள்கிறோம்.

இப்போது, விட்ட இடத்துக்கு வருகிறோம்.

நேற்று முன்தினம் விடுதி ஆயா மூச்சிரைக்க ஆசிரியர் அறைக்கு வந்தார். “சார், மிஸ் பெட்டியெல்லாம் கட்டிட்டாங்க. விழாவுக்கு நிக்க மாட்டாங்களாம். ‘எல்லாரும் புது ஆளோட நல்லா ஒட்டிக்கிட்டாங்க, என்னை யாரும் தேடப் போறதில்ல, காலையில முதல் பஸ்ஸுக்கே கிளம்பிடறேன்’னு சொல்றாங்க. சொல்லிட்டு, சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க” என்றார். நீங்கள் நிம்மதியாகப் போகிறீர்கள் என்று நம்பி நாங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரிந்தோம். நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம் என்று நம்பி நீங்கள் பெட்டி கட்டியிருக்கிறீர்கள். தையல்காரம்மாவும் மகளும் போன அதே பாதையில், வளர்ந்தவர்கள் நாம் எல்லோரும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். விடுதிச் சாவி அத்தனையையும் தொலைக்காமல் வைத்திருந்த உங்களுக்கு, நேற்று காலை சொந்தப் பெட்டியின் சாவி மட்டும் கிடைக்காமல் பேருந்து தவறிப்போனதே, அது தற்செயல் அல்ல. எடுத்தவர் ஆயா. எடுக்கச் சொன்ன நாங்கள் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம்.

ஆகவே, உங்களிடம் கற்றபடி உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். புதியவர் கெட்டிக்காரர்தான், ஆனால் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பது வெறும் வாய்ச்சவடால். தலைமைச் சமையற்காரர் இந்த வாரம் இருமுறை உப்புப் போட மறந்தார், கேட்டதற்கு அடுப்புப் புகை கண்ணில் பட்டது என்றார். நம் சமையற்கூடத்தில் புகை அடுப்பே கிடையாது. வாயிற்காவலர் உங்கள் தம்பி வீட்டுக்குப் போகும் பேருந்து எண்ணை யாருக்கும் சொல்ல மறுக்கிறார், சொன்னால் நீங்கள் போவது உறுதியாகிவிடுமாம். இன்று காலை சடை ரயில் ஓடவில்லை. கடைசிப் பெட்டியாக உட்கார ஒருத்தியும் சம்மதிக்கவில்லை, நாளை முதல் பின்னால் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்பதால். எல்லோரும் தலைவிரி கோலமாகத்தான் வகுப்புக்கு வந்தார்கள். நாங்கள் யாரும் திட்டவில்லை. தமிழாசிரியனாகிய நான் இந்த மடலை ஐந்து தடவை கிழித்து எழுதினேன், நடை சரியில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நடைக்கு ஒன்றும் குறைவில்லை.

உங்களுக்கு இன்று நாங்கள் அளிக்க எண்ணிய உடை இன்னும் தைக்கப்படவில்லை. துணி மட்டும் எடுத்திருக்கிறோம். இத்தனை ஆண்டு உங்களோடு இருந்தும் உங்கள் அளவு எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இம்மடல் படித்து முடிந்ததும் தையல்காரம்மா மேடைக்கு வருவார். கையில் இருப்பது அந்தப் பழைய இஞ்சு டேப்தான். கையைத் தூக்கிக்கொண்டு சற்று நேரம் நில்லுங்கள். மார்பளவு எடுக்கும்போது அவர் கையை விட நேரமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் நாங்களும் வரிசையில் நிற்போம். தைத்த உடையை அஞ்சலில் அனுப்பமாட்டோம். நீங்களே வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டிச் சாவியை, அளவெடுத்து முடிந்த பிறகு ஆயா தருவார்.

அன்பிற்கினிய அம்மையீர்! நோய் நொடி அண்டாமல், நெடுங்காலம் நீங்கள் நன்றாக வாழ வேண்டும். தம்பி வீட்டு மாடியில் தூக்கம் நன்றாக வர வேண்டும். வராவிட்டால் வரவில்லை என்று எங்களிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலைத் தொலைபேசி வரிசையில் பிள்ளைகள் உங்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அவர்கள் உங்களிடம் வளர்ந்தவர்கள். சாவிக்கொத்தை இன்று ஒப்படைத்துவிட்டீர்கள். இனி நீங்கள் எப்போது வந்தாலும் ஓசை முன்னால் வராது, முகம் துடைத்துக்கொள்ள எங்களுக்கு நேரம் இருக்காது. துடைக்கப்போவதும் இல்லை.

எங்களைப் பற்றி யாராவது உங்களிடம் விசாரித்தால், இதையே சொல்லுங்கள்:

இன்றைக்கு அழுதார்கள். இப்போதும் அழுகிறார்கள். நாளைக்குத் தெரியவில்லை.

இங்ஙனம்,
உங்கள் கட்டளையை மீறிய
ஆசிரியர்கள், அலுவலர்கள், சமையற்கூடத்தார், சலவைக்கூடத்தார், வாயிற்காவலர்கள்,
பெட்டிச் சாவியோடு விடுதி ஆயா,
மற்றும் இன்னும் தலை பின்னாத பிள்ளைகள்